நெஞ்சு வார்டில் முதல் வாரம்: நுரையீரலைச் சுற்றிய நீரை அளப்பது எப்படி?

"லங்ஸ்ல தண்ணி கோத்திருக்குன்னு சொன்னாங்க, சார்."

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ நெஞ்சு வார்டில் பணிக்குச் சேரும் ஹவுஸ் சர்ஜனும் ஸ்டாஃப் நர்ஸும் சீக்கிரமே கேட்டுவிடும் வாக்கியம் இது. சொல்பவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பாதிப் பேச்சில் மூச்சு வாங்கும். துணைக்கு வந்த மகளோ மருமகனோ பழைய எக்ஸ்ரே கவரை நீட்டிக்கொண்டே அடுத்ததைக் கேட்பார்கள்: "எவ்வளவு தண்ணி இருக்கு?"

அதற்குப் பதில் சொல்லத்தான் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி. என்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். நீங்கள் எழுதும் எண்ணைவிட, அந்த எண் எப்படி வந்தது என்று பக்கத்தில் எழுதும் குறிப்புதான் அடுத்த ஷிஃப்டுக்கு உதவும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரியவரின் முதுகில்.

அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். கல் குவாரியில் வேலை பார்த்த, எழுபதை ஒட்டிய பெரியவர். முந்தின நாள்தான் ஊசி வைத்து நீர் எடுத்திருந்தோம். மிச்சம் எவ்வளவு என்று இரவு டூட்டியில் நான் ஸ்கேன் பிடித்தேன். தலைப்பக்கம் லேசாக உயர்த்திப் படுக்க வைத்து அளந்ததில் 32 மி.மீ. வந்தது. 20-ஆல் பெருக்கி, "வலது பக்கம், 640 மி.லி." என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதினேன். காலையில் வேறொருவர் அவரை உட்கார வைத்து அளந்தார். 40 மி.மீ. அவரும் 20-ஆல் பெருக்கி 800 என்று எழுதினார். ரவுண்ட்ஸில் பார்த்தவர்களுக்கு ஒரே இரவில் 160 மி.லி. ஏறியதாகத் தெரிந்தது. மறுபடியும் ஊசி என்று முடிவானது. ஊசி போடும்போது அவர் கேட்டார்: "நேத்துதானே எடுத்தீங்க, அதுக்குள்ள ஊறிடுச்சா?"

ஊறவில்லை. உட்கார வைத்து அளந்தால் பெருக்க வேண்டியது 20-ஆல் அல்ல, 16-ஆல் (இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கீழே சொல்கிறேன்). 40 மடங்கு 16 என்றால் அதே 640. படுக்க வைத்து அளந்தேன் என்று நான் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அந்த ஊசி அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

எந்த மெஷினையும் தொடுவதற்கு முன்

நுரையீரலைப் போர்த்திய சவ்வுக்கும் மார்புச் சுவரின் உள்பக்கச் சவ்வுக்கும் நடுவில் எல்லோருக்கும் சில மில்லி நீர் உண்டு. உரசாமல் வழுக்கி அசைய அது வேண்டும். நோயில் அது பெருகும்போது, தடுப்பு ஏதும் இல்லாவிட்டால், பள்ளத்தை நோக்கிப் போகும். ஏரித் தண்ணீர் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் தேங்குவதுபோலத்தான். நின்றால் அடியில் தேங்கும். படுத்தால் முதுகுப் பக்கம் பரவும். ஒருக்களித்தால் கீழ்ப்பக்கம் ஓடும். ஒரே நீர் மூன்று நிலையில் மூன்று விதமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே முதல் வேலை, நோயாளியைப் பார்ப்பது. உட்கார முடிகிறதா, படுக்க முடிகிறதா, எவ்வளவு நேரம் தாங்குவார்? நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் ஃபுளோரைடு அதிகமான நிலத்தடி நீரைப் பல்லாண்டு குடித்த வயதானவர்களில் சிலருக்கு முதுகெலும்பே இறுகிப் போயிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முந்தைய காலத்துத் தண்ணீர் அவர்கள் எலும்பில் தங்கிவிட்டது. "முன்னாடி குனிங்க ஐயா" என்றால் குனிய முடியாது. வற்புறுத்தாதீர்கள். முடிந்த நிலையில் வைத்து அளந்து, அந்த நிலையை எழுதுங்கள்.

எக்ஸ்ரே

முதலில் ஃபிலிமில் பெயர், தேதி, இடது வலது அடையாளம் சரியா என்று பாருங்கள். தவறான பக்கத்தில் ஊசி போவது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அடுத்து, நின்று எடுத்ததா படுத்து எடுத்ததா என்று பாருங்கள்.

நின்று எடுத்த படத்தில், விலாவும் உதரவிதானமும் சேரும் கூர்மையான மூலையைத் தேடுங்கள். அது மழுங்கியிருந்தால் சுமார் 200 மி.லி. சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டுப் படத்தில் பின்பக்க மூலை 50 முதல் 75 மி.லி.யிலேயே மழுங்கிவிடும். உதரவிதானத்தின் கோடே மறைந்தால் அரை லிட்டருக்குக் குறையாது. நீர் இருக்கும் பக்கம் கீழே வருமாறு ஒருக்களித்துப் படுக்க வைத்து எடுத்தால் 10 மி.லி. அளவுகூடத் தெரியும். அந்தப் படத்தில் நீரின் கனம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஊசி வைத்து எடுக்கும் அளவுக்கு நீர் இருக்கிறது என்பது பழைய கணக்கு. ஸ்கேன் பக்கத்தில் இல்லாத இடத்தில் அது இன்றைக்கும் உதவும்.

படுத்து எடுத்த படத்தை நம்பி எண் சொல்லாதீர்கள். நீர் முதுகுப்பக்கம் பரவியிருப்பதால் அந்தப் பக்கம் முழுவதும் மெல்லிய துணி போர்த்தியதுபோல் மங்கலாகத் தெரியும். அதன் ஊடாக இரத்தக் குழாய்களும் தெரியும். "நீர் இருக்கலாம், ஸ்கேன் பார்க்கவும்" என்று எழுதினால் போதும்.

ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தால் மூச்சுக்குழாய் எந்தப் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நிறைய நீர் இருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளும். தள்ளாமல் நடுவிலேயே நின்றாலோ, வெள்ளைப் பக்கமே இழுத்தாலோ, உள்ளே நுரையீரல் சுருங்கிக் கிடக்கிறது. மூச்சுக்குழாயை ஏதோ அடைத்திருக்கலாம். அதைப் பார்த்ததும் சீனியரைக் கூப்பிடுங்கள்.

நான் மேலே சொன்ன இறுகிய முதுகுக்காரர்களின் படங்களில் விலாவும் முதுகெலும்பும் வழக்கத்தைவிட வெளுத்துத் தெரியும். புதிதாக வருபவர்கள் அந்த வெண்மையைப் பார்த்துக் குழம்புவதை நான் கண்டிருக்கிறேன். எலும்பின் வெண்மை இரண்டு பக்கமும் இருக்கும், எலும்பின் வடிவத்தோடு இருக்கும். நீரின் வெண்மை அடியில் தேங்கி, விளிம்பில் கிண்ணம்போல் வளைந்து ஏறும்.

அல்ட்ராசவுண்ட்: நிதானமாகக் கற்க வேண்டியது

மெஷினைத் தொடுவதற்கு முன் அந்த அறைக் கதவில் இருக்கும் பலகையைப் படியுங்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினும் பதிவு செய்யப்பட்டது. நெஞ்சைப் பார்க்கத்தானே என்று பதிவில் இல்லாத இடத்துக்கு அதைத் தூக்கிப் போகக் கூடாது. யார் ஸ்கேன் பிடிக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது, பொறுப்பு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். அதற்கு முன் ஒன்றாக இருந்த தர்மபுரிக்கு 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. பெண் சிசுக்களை இழந்த மண் இது. அந்தப் பலகைக்கு இங்கே இருக்கும் கனத்தை வெளியூரிலிருந்து வருபவர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடியான ப்ரோபை எடுங்கள். வயிற்றுக்குப் பயன்படும் வளைந்த ப்ரோப் போதும். ஆழம் 12 முதல் 15 செ.மீ. வரை வையுங்கள். ப்ரோபின் அடையாளப் புள்ளி தலையை நோக்கி இருக்கட்டும். ஜெல் சில்லென்று இருக்கும், போடுவதற்கு முன் நோயாளியிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். மூச்சுத் திணறும் ஒருவருக்கு அந்தச் சில்லிப்பே ஒரு தூக்கிவாரிப் போடல்தான்.

நேராக நெஞ்சுக்குப் போகாதீர்கள். அக்குளின் பின் ஓரத்திலிருந்து இறங்கும் கோட்டில், விலாவின் அடிப்பகுதியில் ப்ரோபை வையுங்கள். வலது பக்கம் கல்லீரலும் இடது பக்கம் மண்ணீரலும் முதலில் தெரிய வேண்டும். அதன் மேல் வெள்ளை வில்லாக, மூச்சோடு ஏறி இறங்குவது உதரவிதானம். அந்த வில்லுக்கு மேலே கறுப்பாக இருப்பதுதான் நாம் தேடும் நீர். வில்லுக்குக் கீழே கறுப்பு இருந்தால் அது வயிற்று நீர். இந்த இரண்டையும் மாற்றிப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்வதில் ஆபத்தான பிழை, ஏனென்றால் அந்தப் படத்தை நம்பி ஊசி போட்டால் கல்லீரலுக்குள் போகும். உதரவிதானத்தைக் கண்ணால் கண்டு, வாயால் "இதோ" என்று சொல்லிய பிறகே மேலே நகர்வது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் இருக்கிறது என்பதை உறுதி செய்ய மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். காற்று நிறைந்த நுரையீரல் இருந்தால் மூச்சிழுக்கும்போது அது திரைச்சீலைபோல் இறங்கி கல்லீரலை மறைக்கும். நீர் இருந்தால் அந்தத் திரை இறங்காது. இரண்டாவது, படத்தின் அடியில் முதுகெலும்பின் வெள்ளைக் கோடு சாதாரணமாக உதரவிதானத்தோடு நின்றுவிடும். நீர் இருந்தால் அதற்கு மேலும் தொடர்ந்து தெரியும், நீர் ஒலியை உள்ளே விடுவதால். மூன்றாவது, நீரில் நனைந்து சுருங்கிய நுரையீரலின் நுனி மெதுவாக ஆடும். முதல்முறை அதைப் பார்க்கும்போது பூங்கொத்தைத் தண்ணீரில் விட்டு அசைத்ததுபோல் இருக்கும். பிறகு மறக்காது.

நீரின் நிறத்தையும் எழுதுங்கள். சுத்தக் கறுப்பா, உள்ளே பொடிப்பொடியாகச் சுழல்கிறதா, சிலந்தி வலைபோல் இழைகள் குறுக்கே ஓடுகின்றனவா? இழைகளும் அறைகளும் இருந்தால் நிமோனியாவை ஒட்டிய நீர், சீழ், காசநோய் எல்லாம் நினைவுக்கு வர வேண்டும். அங்கே கீழே வரும் பெருக்கல் எதுவும் செல்லாது. அறை அறையாகப் பிரிந்த நீரை ஒரே இடத்தில் அளந்து மொத்தம் சொல்ல முடியாது.

மி.மீ.யிலிருந்து மி.லி.க்கு

படுத்திருப்பவருக்கு: தலைப்பக்கம் 15 டிகிரி உயர்த்துங்கள். அக்குள் பின் கோட்டில், நுரையீரலின் அடிப்பகுதியில் ப்ரோபை உடலுக்குக் குறுக்காகத் திருப்புங்கள். மூச்சு முழுவதும் வெளியே போன நொடியில் ஃப்ரீஸ் செய்யுங்கள். மார்புச் சுவருக்கும் நுரையீரலுக்கும் நடுவில் அதிகமான இடைவெளியை, திரையில் இரு புள்ளி வைத்து அளக்கும் காலிபரால் மி.மீ.யில் அளங்கள். அதை 20-ஆல் பெருக்கினால் மி.லி. 2006-இல் செக் நாட்டின் மார்ட்டின் பாலிக்கும் அவருடன் இருந்தவர்களும் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளிடம் அளந்து, பிறகு நீரை எடுத்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அவர்களுக்கே சராசரியாக 160 மி.லி. அளவு வித்தியாசம் வந்தது. அதனால் 32 மி.மீ. என்றால் "சுமார் 600" என்று மனதில் வையுங்கள். 640 என்பதைக் கடைசி இலக்கம் வரை நம்ப வேண்டாம்.

உட்கார்ந்திருப்பவருக்கு: இங்கே அளப்பது வேறு இடைவெளி. உதரவிதான வளைவின் நடு உயரத்திலிருந்து நுரையீரலின் கீழ் விளிம்பு வரை மி.மீ.யில் அளந்து 16-ஆல் பெருக்க வேண்டும். 2010-இல் ஜெர்மனியில் எங்கின் உஸ்தா குழுவினர் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய நோயாளிகளிடம் கண்டது இது. உட்கார்ந்தவருக்கு இன்னொரு எளிய கணக்கும் உண்டு. முதுகின் பக்கவாட்டில் நீர் எத்தனை செ.மீ. உயரம் நிற்கிறது என்று பார்த்து 90-ஆல் பெருக்குவது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்த நோயாளிக்குக் கடைசி வரை அதையே பின்பற்றுங்கள். நடுவில் மாற்றினால் என் பெரியவருக்கு நடந்ததுதான் நடக்கும்.

மூச்சை நிறுத்தச் சொல்வதில் இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்திலிருந்து வருபவர்கள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். மூச்சுக்குத் தெலுங்கில் ஊபிரி, கன்னடத்தில் உசிரு. அந்த ஒரு சொல்லைச் சொல்லி, நீங்களே மூச்சை விட்டு நிறுத்திக் காட்டுங்கள். அவர்களும் உங்களோடு சேர்ந்து விடுவார்கள். ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு ஃப்ரீஸ் பட்டனை அழுத்தினால் அளவு சரியாக வரும்.

மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுங்கள். அப்புறம் கேஸ் ஷீட்டில் இப்படி எழுதுங்கள்: "வலது. படுத்த நிலை, தலை 15 டிகிரி. அக்குள் பின் கோடு. மூச்சு விட்ட முடிவில். 32 மி.மீ. கறுப்பு, இழை இல்லை. சுமார் 600 மி.லி. (20-ஆல் பெருக்கியது). இரவு 11.20." இதை எழுத ஒரு நிமிடம் ஆகாது.

சி.டி. எப்போது?

அளவு தெரிந்துகொள்ள மட்டும் சி.டி. கேட்காதீர்கள். கதிர்வீச்சும், மெஷின் இருக்கும் இடம் வரை மூச்சுத் திணறலோடு போகும் பயணமும் அதற்குத் தகாது. அறைகளாகப் பிரிந்த நீர், கட்டி என்ற சந்தேகம், ஊசி போட்டும் வராத நீர் இவற்றுக்குத்தான் அது வேண்டும். எடுத்த பிறகு அளவு பார்க்க ஓர் எளிய முறை: குறுக்கு வெட்டுப் படத்தில் மார்பின் முன்பின் ஆழத்தை நான்கு பங்காக்குங்கள். நீர் பின்பக்கத்து முதல் காலுக்குள் இருந்தால் சிறிது, இரண்டாம் காலுக்குள் இருந்தால் நடுத்தரம், அதைத் தாண்டினால் பெரிது. எல்லையில் இருந்தால் அதிக ஆழம் 3 செ.மீ.க்குக் கீழா, 10 செ.மீ.க்கு மேலா என்று பார்த்து முடிவு செய்யலாம்.

துல்லியமான கொள்ளளவு வேண்டுமென்றால் ஒவ்வொரு வெட்டிலும் நீரின் பரப்பை வரைந்து, வெட்டின் கனத்தால் பெருக்கிக் கூட்டுவார்கள். 40 சதுர செ.மீ. பரப்பு, அரை செ.மீ. கன வெட்டு என்றால் அந்த வெட்டில் 20 மி.லி. இப்படி முப்பது வெட்டு. மென்பொருள் செய்யும் வேலைதான், ஆனாலும் நீரின் எல்லையை அது சரியாக வரைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுருங்கிய நுரையீரலையும் சேர்த்து வரைந்துவிடுவதுண்டு.

ஊசிக்கு முன்னும் பின்னும்

ஊசி போடுபவர் சீனியராக இருப்பார், நீங்கள் ஸ்கேன் பிடித்துத் தருவீர்கள். ஸ்கேன் அறையில் பேனாவால் குறியிட்டு வார்டுக்கு அனுப்பும் வழக்கம் வேண்டாம். ஸ்ட்ரெச்சரில் புரண்டு வந்ததும் நீரும் இடம் மாறும், தோலும் இழுபடும். ஊசி போடும் அதே நிலையில், போடுவதற்குச் சற்று முன், மறுபடி ஒருமுறை பாருங்கள். நீரின் ஆழம் குறைந்தது 1 செ.மீ. இருக்கிறதா, மூச்சு இழுக்கும்போதும் இருக்கிறதா, ப்ரோப் எந்தச் சாய்வில் இருந்தது என்று சீனியரிடம் சொல்லுங்கள். ஊசி விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிப் போகும், ஏனென்றால் நரம்பும் இரத்தக் குழாயும் கீழ் விளிம்பில் இருக்கின்றன.

ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்காமல் இருப்பது வழக்கம். அதற்கு முன்னாலேயே இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரக்கலாம். உங்கள் ஸ்கேன் அளவு இரண்டு லிட்டர் என்று சொன்னால், இன்று முழுவதும் எடுக்கப் போவதில்லை என்று குடும்பத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடலாம்.

எடுத்த நீர் என்ன வகை, சவ்வே நோயுற்று ஊறியதா, இதயம் போன்ற வேறு காரணத்தால் கசிந்ததா என்பதை 1972-இல் ரிச்சர்ட் லைட் சொன்ன அளவுகோல்தான் இன்றும் பிரிக்கிறது. நீரின் புரதம் இரத்தத்தின் புரதத்தில் பாதியைத் தாண்டுகிறதா, எல்.டி.எச். என்ற நொதி இரத்தத்தில் இருப்பதில் 0.6 பங்கைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று தாண்டினாலும் சவ்வே நோயுற்ற வகை. ஒப்பிட அதே சமயத்து இரத்தமும் வேண்டும். நீரை மட்டும் லேபுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் இரத்தம் எடுக்கும்படி ஆகிவிட வேண்டாம். காசநோய் என்று முடிவானால், காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவைப் போட்டுக் கொடுங்கள். மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். குவாரி வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் வீட்டில் அந்தத் தொகை அரிசிக்கு ஆகும்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். தேதி, நிலை, மி.மீ., நீங்கள் கணித்த மி.லி., பாட்டிலில் உண்மையில் வந்த மி.லி. இந்த ஐந்தும் போதும். முழுவதும் எடுத்து முடித்த கேஸ்களை மட்டும் எழுதுங்கள். இருபது வரிகள் சேர்ந்ததும் உங்கள் கை கூடச் சொல்கிறதா குறைத்துச் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். என் நோட்டில் உட்கார்ந்த நிலைக் கணக்குகள் தொடர்ந்து கூடுதலாக வந்தன. காலிபரின் கீழ்ப்புள்ளியை உதரவிதானத்துக்கு மேல் வைக்காமல் அதன் அடியில் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது பதினோராவது வரியில்தான் பிடிபட்டது.